கரையான் புத்துல புது வண்டு கெடச்சா என்ன பண்ணணும்: புதுப் பேரினம் விவரிக்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

கரையான் புத்தெடுக்க கருநாகம் குடிபுகுந்த கதை நமக்கெல்லாம் சின்ன வயசுலயே தெரியும். ஆனா பாம்பு லேட்டா வர்ற ஆளு, அதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ள ஒரு கும்பலே குடியிருக்கும், ராமபாணம், ஈ, சிலந்தி, அப்புறம் ரக ரகமா வண்டு. இங்க நான் சொல்லப்போறது அந்த வண்டுல ஒரு குடும்பத்தைப் பத்தி, டெனிப்ரியானிடே, தமிழ்ல இருள்வண்டுன்னு வச்சுக்கலாம். ரவை டப்பாவுல, பழைய கோதுமை மாவுல சிவப்பா குட்டியா ஒன்னு ஓடுமே, அது இந்தக் குடும்பம். மீன், பறவை வளக்கறவங்க கடையில வாங்கற மீல்வார்ம் புழு வளந்தா வர்ற கருப்பு வண்டு, அதுவும் இந்தக் குடும்பம். கேரளாவுல ரப்பர் தோட்டத்து ஓரமா வீடு இருக்கறவங்கள கேட்டா, மழை தொடங்கற நேரம் ஆயிரக்கணக்குல வீட்டுக்குள்ள வந்து அடையற முப்ளி வண்டை திட்டித் தீப்பாங்க, அதுவும் இதே குடும்பம்தான். உலகம் முழுக்க 20,000-க்கு மேல இனம் இருக்கு.

அதுல கரையானோட வாழறது ரொம்ப கொஞ்சம். அதனால ஒன்னு கெடச்சா உடனே தலைகால் புரியாது, "இது எதுலயும் சேரல, புதுப் பேரினம்தான்"னு முடிவு பண்ணிடுவோம். பேரினம்னா கிட்டத்துச் சொந்தமான இனங்கள சேத்து வைக்கற கூட்டம், குடும்பத்துக்கு உள்ள வர்றது. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஒரு விஷயத்த மொதல்லயே சொல்லிடறேன், மிச்சம் எல்லாமே இதுக்குள்ளதான் சுத்தும்: புத்துக்குள்ள வாழற வண்டு விசித்திரமா இருக்கறது அது எந்த வீட்ல இருக்குங்கறத சொல்லும், எந்த வம்சம்னு சொல்லாது. முதுகுல ஆழமா பள்ளம், வரிவரியா மேடு, தங்கக் கலர்ல முடிக்கத்தை, குருட்டுக் கண்ணு, தடிச்ச ஆன்டெனா, இதெல்லாம் போட்டுக்கிட்ட வேஷம். ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லாத வண்டுங்க எல்லாம் தனித்தனியா இதே வேஷத்த போட்டிருக்கு. வேஷத்துக்கு அடியில இருக்கற மூஞ்சிய பாத்து வம்சத்த கண்டுபிடிக்கறதுதான் உங்க வேலை.

புத்த தொடறதுக்கு முன்னாடி

மஞ்சத்துணி கட்டி குங்குமம் வச்சு பால் ஊத்தற புத்தா இருந்தா கிட்ட போகாதீங்க, அது யாரோட நம்பிக்கை, அதுல மண்வெட்டி வச்சா வண்டு போச்சு, ஊருக்குள்ள மறுபடி கால் வைக்க முடியாது. தோட்டமா இருந்தா சொந்தக்காரர்கிட்ட கேளுங்க, பெரும்பாலும் சந்தோஷமா "மொத்தத்தையும் எடுத்துட்டு போங்க"ம்பாங்க. காட்டுக்குள்ளன்னா வனத்துறை அனுமதி எழுத்துல இல்லாம ஒரு எறும்பு கூட எடுக்கக் கூடாது, பின்னாடி கட்டுரை எழுதறப்ப அனுமதி நம்பர் கேப்பாங்க, அப்ப முழிக்கற மாதிரி ஆயிடும். இன்னொன்னு, பழைய புத்துல பாம்பு இருக்கும், பழமொழி சும்மா வரல. பூட்ஸ், தடி கையுறை, பொந்துக்குள்ள நேரா கைய விடாம மேலருந்து மண்ண சீவிக்கிட்டே வர்றது, இத பழக்கமாக்கிக்கோங்க.

நம்ம ஊர்ல வண்டு தேட நல்ல எடம் காளான் வளக்கற கரையானோட புத்து. ஓடோன்டோடெர்மஸ் பேரினம் நம்மகிட்ட ஏராளம், மேக்ரோடெர்மஸும் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுல இருக்கு. உள்ள தோண்டிப் போனா அக்ரூட் பருப்பு மாதிரி மடிப்பு மடிப்பா, ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு கட்டி வரும், அதுதான் பூஞ்சைத் தோட்டம், கரையான் சாப்பிட்ட மரத்தூள வச்சு கட்டறது, அதுமேல டெர்மிடோமைசிஸ்ங்கற பூஞ்சைய வளக்குது. மழை பேஞ்சு புத்துல காளான் மொளைச்சு நாம பறிச்சு கொழம்பு வைக்கறோமே, அது இந்தத் தோட்டத்துலருந்து வர்றதுதான். வண்டு இந்தத் தோட்டத்து மடிப்புக்குள்ளயும், குப்பை கொட்டி வைக்கற அறையிலயும் இருக்கும். 2012-ல ஜப்பான்காரர் முனேடோஷி மாருயாமா கம்போடியாவுல மேக்ரோடெர்மஸ் கூட்டுலருந்து டெர்மிடோட்ராக்ஸ் குபிடோன்னு ஒரு வண்ட விவரிச்சார், அது இருள்வண்டு இல்ல, சாணி வண்டோட சொந்தம், நீளம் ஒரு மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கூட. முதுகுல குட்டி றெக்க மாதிரி முடிக்கத்தை, அதனாலதான் குபிட் பேரு. நீங்க தேடறதும் அந்த சைஸ்லருந்து அரிசி சைஸ் வரைக்கும் இருக்கலாம், கண்ணு அதுக்கு பழகணும்.

தோட்டத்த அங்கயே பொடிச்சுப் பாக்காதீங்க. மூடி இருக்கற பிளாஸ்டிக் டப்பாவுல கரையானோட சேத்து அள்ளி, நெழலுக்கு கொண்டுவந்து, வெள்ளை டிரேயில கொஞ்சம் கொஞ்சமா உடைங்க. இந்த வண்டுங்க பயந்தா கால மடக்கி மண்ணு மாதிரி கெடக்கும், அஞ்சு நிமிஷம் சும்மா பாத்துக்கிட்டு இருந்தாதான் மண்ணுல ஒரு துணுக்கு நடக்க ஆரம்பிக்கும். அந்த அஞ்சு நிமிஷப் பொறுமை இல்லாம நான் எத்தன வண்ட தூக்கிப் போட்டிருப்பேன்னு தெரியல.

ரெண்டு மூனு வண்டு கெடச்சா ஒன்ன உயிரோட வச்சுக்குங்க. சின்ன டப்பா, ஈரப்பஞ்சு, ஒரு துண்டு தோட்டம், அதே கூட்டு வேலைக்காரக் கரையான் இருபது முப்பது, சிப்பாய் அஞ்சாறு. சிவப்பு வெளிச்சத்துல பாருங்க. சிப்பாய் கடிக்க வருதா, வேலைக்காரன் வந்து முடிக்கத்தைய நக்குதா, இல்ல கண்டுக்காம தாண்டிப் போகுதா? எரிக் வாஸ்மான்னு ஒரு ஜெசூட் பாதிரியார், 1859-ல பொறந்து 1931 வரைக்கும் இருந்தவர், எறும்பு, கரையான் வீட்டு விருந்தாளிங்கள வாழ்நாள் பூரா படிச்சார், இலங்கைலருந்து போன சாம்பிள கூட 1902-ல எழுதியிருக்கார். அவர் இந்த விருந்தாளிங்கள வீட்டுக்காரன் எப்படி நடத்தறாங்கறத வச்சே பிரிச்சார்: உண்மையான விருந்தாளி, பொறுத்துக்கிட்டு விடப்பட்டவன், வெரட்டப்படறவன். இந்தக் கவனிப்பு ஒரு பத்தி எழுதினாலும் உங்க கட்டுரைக்கு உயிரு அதுதான், ஏன்னா செத்த வண்ட யார் வேணா பின்னாடி அளந்துக்கலாம், நடத்தைய நீங்க பாத்தாதான் உண்டு.

எச்சரிக்கை ஒன்னு. கைவிட்ட புத்துக்குள்ள எந்த வண்டும் வந்து ஒதுங்கும். ஒரே ஒரு வண்டு ஒரே ஒரு தடவ கெடச்சத வச்சு "கரையானோட வாழுது"ன்னு எழுதாதீங்க. உயிருள்ள கூட்டுல, ஒன்னுக்கு மேல புத்துல, தோட்டத்துக்குள்ளயே திரும்பத் திரும்ப கெடச்சாதான் அந்த வார்த்தைய எழுத தைரியம் வரணும்.

பாட்டில், லேபிள், சிப்பாய்

95 சதவீத எத்தனால்ல கொஞ்சம் போடுங்க, அது டிஎன்ஏவுக்கு. மிச்சத்த 75-80 சதவீதத்துல வச்சா ஒடம்பு விறைக்காது, பின்னாடி அறுக்க வசதி. மெடிக்கல்ல கெடைக்கற சர்ஜிக்கல் ஸ்பிரிட் அவசரத்துக்கு ஓகே, டிஎன்ஏவுக்கு அத நம்பாதீங்க, காலேஜ் லேப்ல தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட எத்தனால் வாங்கிக்குங்க.

ரொம்ப முக்கியம், அதே பாட்டில்ல அந்தக் கரையானோட சிப்பாய போடுங்க. வேலைக்காரன மட்டும் போட்டு வச்சா கரையான் எந்த இனம்னு சொல்றது பெரும்பாடு, சிப்பாயோட தலையும் தாடையும்தான் அடையாளம். ஓடோன்டோடெர்மஸ் சிப்பாய்க்கு எடது தாடையில ஒரு பல்லு தெரியும், மேக்ரோடெர்மஸ்ல பெரிய சிப்பாய், சின்ன சிப்பாய்னு ரெண்டு சைஸ் இருக்கும். என்னோட மொத வருஷ சேகரிப்புல வண்டு மட்டும் அழகா இருக்கு, வீட்டுக்காரன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது, அந்த பாட்டில பாக்கறப்பல்லாம் எரிச்சலா வரும்.

லேபிள் பென்சில்ல இல்லன்னா கரையாத மையில, பாட்டிலுக்கு உள்ள. நாடு, மாநிலம், மாவட்டம், ஊரு, ஜிபிஎஸ், உயரம், தேதி, எடுத்தவர் பேரு, எப்படி எடுத்தது, எந்தப் புத்து, புத்துல எந்தப் பகுதி. புத்துக்கு ஒரு நம்பர் குடுத்து அதே நம்பர கரையான் பாட்டில், வண்டு பாட்டில், நோட்டுப் புத்தகம், போட்டோ எல்லாத்துலயும் போடுங்க. வெளிய ஒட்டின ஸ்டிக்கர் ஸ்பிரிட் பட்டதும் வெள்ளைப் பேப்பராயிடும், எல்லாரும் ஒரு தடவ இத அனுபவிச்சுட்டுதான் திருந்தறாங்க.

இது இருள்வண்டுதானா?

இப்ப மைக்ராஸ்கோப்புக்கு வருவோம். வேஷத்த தள்ளி வச்சுட்டு மூஞ்சியப் பாக்கணும்னு சொன்னேன்ல, அந்த மூஞ்சி பெரும்பாலும் வயித்துப் பக்கம் இருக்கு. முதுகுப் பக்கம் ஆடம்பரம், அடிப்பக்கம் உண்மை. அதனால வண்ட மொதல்ல மல்லாக்கப் போடுங்க.

பாதத்து மூட்ட எண்ணுங்க, முன்கால் 5, நடுக்கால் 5, பின்கால் 4. இது இருள்வண்டுக்கு மட்டும் உள்ளது இல்ல, கொப்புள வண்டு மாதிரி சொந்தக்காரக் குடும்பங்களுக்கும் இதே கணக்குதான், போதாக்குறைக்கு சில சின்ன இருள்வண்டுல மூட்டு கொறஞ்சும் போயிருக்கும். அதனால இத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. தலையில ஆன்டெனா மொளைக்கற எடத்த பாருங்க, மேலருந்து பாத்தா தெரியாது, நெத்தி ஓரம் கூரை மாதிரி நீண்டு அத மறைச்சிருக்கும், இது நல்ல அடையாளம். முன்கால் குழி பின்பக்கம் மூடியிருக்கும். வயித்துல தெரியற தட்டு அஞ்சு, அதுல மொத மூனு ஒன்னோட ஒன்னு ஒட்டி அசையாம இருக்கும். ஆன்டெனா பொதுவா 11 துண்டு, புத்துல வாழறதுல சில துண்டு சேந்து எண்ணிக்கை கொறையலாம். இது எல்லாம் ஒன்னு சேந்து வந்தா இருள்வண்டுன்னு நம்பலாம்.

இந்த எடத்துல சறுக்கினவங்க சாதாரண ஆள் இல்ல. காசிஃபோடிஸ்னு எறும்போட வாழற தட்டையான குட்டி வண்டு இருக்கு, அதையும் அதோட கூட்டாளிங்களையும் ரொம்ப நாளா தனிக் குடும்பமாவே வச்சிருந்தாங்க, பாக்க அவ்ளோ வித்தியாசம். கடைசில பாத்தா இருள்வண்டு குடும்பத்துக்குள்ள ஒரு டிரைப், அதாவது குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் நடுவுல வர்ற ஒரு பிரிவு, அவ்ளோதான். தனிக் குடும்பம்னு நினைக்கற அளவுக்கு நிபுணர்களையே வேஷம் ஏமாத்தியிருக்குன்னா நாம எம்மாத்திரம்.

அறுக்காம முடியாது

புதுசா வர்றவங்க பயப்படறது இங்கதான், ஒரே ஒரு வண்டு, அத எப்படி அறுக்கறதுன்னு. ஒன்னே ஒன்னுதான் இருக்குன்னா என்னோட கருத்து, மறுபடி புத்துக்குப் போங்க. சட்டப்படி ஒரே ஒரு வண்ட வச்சு புதுப் பேரினம் விவரிக்கலாம், தடை இல்ல, ஆனா ஆணும் பெண்ணும் உள்ளுறுப்பும் பாக்காம எழுதறது பாதி வேலை.

காஞ்ச வண்டுன்னா வெதுவெதுப்பான தண்ணில ஊற வச்சு, வயித்த முழுசா கழட்டி எடுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல போடுங்க. சதை கரைஞ்சு கூடு மட்டும் நிக்கும். எவ்ளோ நேரம்னு வண்டோட சைஸ் பாத்து நீங்களே அப்பப்ப எட்டிப் பாக்கணும், ராத்திரி போட்டுட்டு தூங்கப் போனா காலையில மெல்லிசான உறுப்பெல்லாம் வெளுத்துப் போய் சரியா தெரியாமப் போகலாம். அப்புறம் தண்ணில கழுவி கிளிசரின்ல வச்சுப் பாருங்க.

ஆண்ல இனப்பெருக்க உறுப்பு, ஏடியேகஸ், அதோட அடித்துண்டும் நுனித்துண்டும் என்ன நீளம், மல்லாந்து இருக்கா குப்புற இருக்காங்கறது. பெண்ல முட்டையிடற குழாயும் விந்து சேத்து வைக்கற பையும். இதுபோக வயித்துக் கடைசில தற்காப்புச் சுரப்பி, அதாவது தொட்டா நாத்தம் வருமே அந்தப் பை, இருக்கா, இருந்தா எத்தன, எப்படி மடிஞ்சிருக்கு. 1980-ல வால்டர் சிங்கலும் ஜான் டோயனும் நூத்துக்கணக்கான வண்ட அறுத்துப் பாத்து இந்தச் சுரப்பி, குழாய் எல்லாம் வம்சத்த காட்டிக் குடுக்குதுன்னு எழுதினாங்க, அதுக்கப்புறம்தான் இந்தக் குடும்பத்தோட உள்பிரிவெல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. எறும்புப் புத்துக்குள்ள உருக்கின அலுமினியம் ஊத்தி சிற்பம் மாதிரி எடுக்கற படம் பாத்திருப்பீங்களே, அந்த வேலைக்குப் பேர்போனவர் இதே சிங்கல்தான்.

ஏன் இவ்ளோ உள்ள போகணும்னா, கரையான் வீட்டு வாழ்க்கை வெளித்தோலத்தான் சீக்கிரமா மாத்தும், கடிக்கு தாங்கற கவசம், நக்கறதுக்கு முடி, இருட்டுல தேவையில்லாத கண்ணு. முட்டைக்குழாய் என்ன வடிவத்துல இருக்குன்னு கரையானுக்கு ஒரு கவலையும் இல்ல. அதனால அங்க பழைய வம்சத்து அடையாளம் அழியாம மிஞ்சியிருக்கும்.

பேரினமா, வெறும் இனமா

இதுதான் மொத்தத்துல கஷ்டமான எடம், இதுக்கு குறுக்குவழி இல்ல.

2021-ல பாட்ரிஸ் புஷார்டும் கூட்டாளிங்களும் ஸூகீஸ் இதழ்ல இருள்வண்டு பேரினப் பேரு எல்லாத்தையும் தொகுத்து போட்டாங்க, செல்லுபடியாகற பேரினம் 2307, இலவசமா படிக்கலாம். அத டவுன்லோட் பண்ணி பக்கத்துல வச்சுக்குங்க. உங்க வண்டு எந்தத் துணைக்குடும்பம், எந்த டிரைப்னு உள்ளுறுப்ப வச்சு கணிச்சதுக்கு அப்புறம் அந்த டிரைப்ல இருக்கற ஒவ்வொரு பேரினத்தையும் ஒன்னு விடாம ஒப்பிடணும். பழைய விவரிப்பு லத்தீன்ல, பிரெஞ்சுல, ஜெர்மன்ல இருக்கும், பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்துல ஸ்கேன் கெடைக்கும், மொழிபெயர்ப்பு ஆப் வச்சு ஒப்பேத்தலாம். ஆனா வார்த்தைய மட்டும் நம்பாதீங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினவங்க "கருப்பு, மினுமினுப்பு, நடுத்தர சைஸ்"னு மூனு வரில முடிச்சிருப்பாங்க. அசல் வண்டையே பாக்கணும், அதாவது டைப், பேரு வைக்கறப்ப ஆதாரமா வச்ச வண்டு. பழைய வண்டு நிபுணர் ஃபேர்மேர் விவரிச்சதுன்னா பாரிஸ் மியூசியத்துல தேடணும், இன்னொரு நிபுணர் கஸாப் விவரிச்சதுன்னா பெரும்பாலும் புடாபெஸ்ட் மியூசியம். மரியாதையா மெயில் போட்டு, என்ன கோணத்துல படம் வேணும்னு தெளிவா எழுதிக் கேட்டா பெரும்பாலும் அனுப்பறாங்க. ஆறு மாசம் ஆகலாம். ஒரு தடவ ஒரு மியூசியத்துல நான் கேட்ட வண்டுக்கு பதிலா வேற வண்டோட படம் வந்துச்சு, லேபிள் மாறிப்போச்சு போல, திரும்பக் கேட்டு வாங்கறதுக்குள்ள வருஷமே முடிஞ்சுது. இந்த வேலைக்கு அவசரக்காரங்க லாயக்கில்ல.

கரையான் வீட்டு இருள்வண்டுல எனக்குப் புடிச்ச உதாரணம் ஜியேலாஸ். 19-ஆம் நூற்றாண்டு கடைசில ஃபேர்மேர் வச்ச பேரு. 1914-ல ஹொசாவான்னு ஒரு ஜப்பான் ஆய்வாளர் தைவான்ல ஓடோன்டோடெர்மஸ் ஃபோர்மோசானஸ் கரையான் கூட்டுலருந்து ஒரு வினோத வண்ட எடுத்தார். அந்த நேரத்துல ஆசியாவுல இப்படி ஒன்ன பாத்தவங்க விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், புதுப் பேரினம்னு எழுதியிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அவர் அப்படிப் பண்ணல, ஏற்கனவே இருந்த ஜியேலாஸ்குள்ள வச்சு ஜியேலாஸ் ஃபோர்மோசானஸ்னு புது இனமா மட்டும் விவரிச்சார். நூறு வருஷம் தாண்டி அந்தப் பேரு இன்னும் நிக்குது.

உங்ககிட்ட நீங்களே கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு. ஒன்னு, என் வண்டுகிட்ட இருக்கற அந்த தனி அம்சம் வெறும் கரையான் வீட்டு அலங்காரமா, இல்ல அலங்காரத்தோட சம்பந்தமில்லாத எடத்துலயும், அதாவது குழாய், சுரப்பி, கால்குழி, வாயுறுப்பு, வித்தியாசம் இருக்கா? ரெண்டாவது, இத நான் தனியா பிரிச்சா பழைய பேரினம் ஒடஞ்சுபோகுமா? ரெண்டாவது கேள்விய நெறைய பேர் மறந்துடறாங்க. ஒரு பெரிய பேரினத்துக்கு நடுவுலருந்து மொளைச்ச கிளைய, அழகா இருக்குங்கறதுக்காக வெட்டி தனிப் பேரு குடுத்தா, மிச்சம் இருக்கறது ஒரே வம்சமா நிக்காது, அண்ணன் தம்பி நாலு பேர்ல ஒருத்தன் சினிமாவுக்குப் போயிட்டான்னு அவன வேற சாதிப் பட்டியல்ல எழுதற மாதிரி. பின்னாடி ஒருத்தர் வந்து உங்க பேரினத்த பழசோட சேத்துடுவார், நீங்க வச்ச பேரு சினானிம் பட்டியல்ல, அதாவது ஒரே உயிருக்கு வச்சு செல்லாமப் போன பேருங்க பட்டியல்ல, சாய்வெழுத்துல போய் ஒக்காந்துக்கும்.

இதுக்குத்தான் டிஎன்ஏ உதவும். சிஓஐ பார்கோட், அதாவது இனத்த அடையாளம் காண எல்லாரும் படிக்கற ஒரு மரபணுத் துண்டு, 658 எழுத்து நீளம், இன்னிக்கு செலவு கம்மி. ஆனா அது இனத்த பிரிக்க உதவற அளவுக்கு பேரினத்துக்கு உதவாது, அதுக்கு மெதுவா மாறற மரபணுவும் சேத்து நாலஞ்சு வேணும், பக்கத்து பேரினங்களோட வரிசையும் வேணும். அதெல்லாம் இல்லன்னா உருவ அம்சங்கள ஒரு எக்செல் ஷீட்டுல, வரிசைக்கு ஒரு பேரினம், பத்திக்கு ஒரு அம்சம்னு போட்டு நிரப்புங்க. அந்த ஷீட் நிரப்பறப்பயே பாதி பேருக்கு "இது புதுசு இல்லயே"ன்னு தெரிஞ்சுடும். வருத்தப்படாதீங்க, புது இனம் ஒன்னு மிச்சம் இருக்குல்ல.

பேரு வைக்கறது

எல்லாருக்கும் புடிச்ச கட்டம், அதனாலயே நெறைய தப்பு நடக்கற கட்டம். விலங்குப் பேரு விதித்தொகுப்பு ஒன்னு இருக்கு, இப்ப நடைமுறைல இருக்கறது நாலாவது பதிப்பு, 2000 ஜனவரி 1-லருந்து.

விலங்குலகம் முழுக்க ஒரு பேரினப் பேரு ஒரு தடவதான். வண்டுல இல்லன்னா போதாது, மீன்லயும் புழுவுலயும் கூட இருக்கக் கூடாது. முள்ளெலி மாதிரி இருக்குமே ஆஸ்திரேலியாவோட எகிட்னா, அதுக்கு எகிட்னாங்கற பேரே பேரினப் பேரா நிக்கல, ஏன்னா ஒரு விலாங்கு வகை மீனுக்கு அத ஏற்கனவே வச்சாச்சு, அதனால டாக்கிகுளோசஸ் ஆயிடுச்சு. செடிப் பேரோட மோதினா மட்டும் பரவாயில்ல, அது வேற விதித்தொகுப்பு. ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் வேற பேருதான்னு விதி சொல்லுது, ஆனா அப்படி வச்சு அடுத்த தலைமுறைய குழப்பாதீங்க.

தமிழ்ப் பேரு வைக்கலாம், லத்தீன் எழுத்து 26-க்குள்ள அடங்கினா போதும், மேல கீழ புள்ளி கோடு எதுவும் கூடாது. அதனால நம்ம "ற்று"வ எழுதறதுக்கு கொஞ்சம் மல்லுக்கட்டணும். இங்க ஒரு சுவாரசியம், பேரினப் பேருக்கு ஆண்பால், பெண்பால், அலிப்பால்னு ஒரு இலக்கணப் பால் உண்டு. லத்தீனும் கிரேக்கமும் இல்லாத பேருன்னா நீங்க எது சொல்றீங்களோ அதுதான். சொல்லாம விட்டா விதி முடிவு பண்ணும்: லத்தீன் எழுத்துல "-a"ல முடிஞ்சா பெண்பால், "-um", "-on", "-u"ல முடிஞ்சா அலிப்பால், மிச்சம் ஆண்பால். "புத்து"ன்னு பேரு வச்சுட்டு வாய மூடிக்கிட்டு இருந்தீங்கன்னா அது அலிப்பால். அப்புறம் இனப் பேரு அடைமொழியா இருந்தா அதோட பாலும் பேரினத்தோட ஒத்துப் போகணும். ஒரு வரில "இதன் பால் ஆண்பால்"னு எழுதிட்டா சோலி முடிஞ்சுது. உங்க சொந்தப் பேர வைக்காதீங்க, விதி தடுக்கல, ஆனா சிரிப்பாங்க.

பேர யார்கிட்டயும், எந்த க்ரூப்லயும், கருத்தரங்கு போஸ்டர்லயும் முன்கூட்டி போட்டுடாதீங்க. கட்டுரை வர்ற வரைக்கும் "பேரினம் ஏ"ன்னே எழுதுங்க.

எழுதறது

கட்டாயம் இருக்க வேண்டியது சிலது இருக்கு, இதுல ஒன்னு விட்டாலும் பேரு செல்லாது, பத்து வருஷ உழைப்பு காகிதம். இது புதுப் பேரினம், புது இனம்னு வெளிப்படையா எழுதணும். மத்ததுலருந்து எப்படி வேறுபடுதுன்னு வார்த்தையில சொல்லணும், படம் மட்டும் போதாது. பேரினத்துக்கு ஒரு டைப் இனம், அதாவது அந்தப் பேரு எந்த இனத்தோட கட்டிப்போட்டிருக்குங்கறத, குறிச்சாகணும், 1930-க்கு அப்புறம் வந்த பேரினத்துக்கு இது இல்லன்னா பேரே கெடையாது. இனத்துக்கு ஹோலோடைப்னு ஒரே ஒரு வண்ட குறிக்கணும், அது எந்த மியூசியத்துல இருக்கும்னு எழுதணும். ஆன்லைன் இதழ்னா விலங்குப் பேருங்கள பதியற ஸூபேங்க் தளத்துல பதிவு பண்ணி, அந்த நம்பர் கட்டுரைக்குள்ளயே இருக்கணும், 2012-லருந்து இப்படி.

பிரிச்சறியற பகுதிய சுருக்கமா கூர்மையா எழுதுங்க. "அழகான", "தனித்துவமான"ங்கற வார்த்தை வேணாம், "ஆன்டெனா 10 துண்டு, பக்கத்து பேரினத்துல 11"ன்னு எழுதுங்க. விவரிப்பு நீளமா இருக்கட்டும், தலைலருந்து வால் வரைக்கும் ஒரே வரிசையில. இதுல கரையான் வீட்டு அம்சம் எது, வம்ச அம்சம் எதுன்னு விவாதப் பகுதில தனியா பிரிச்சு எழுதினீங்கன்னா, படிச்சுப் பாக்கற நிபுணர் பாதி கேள்விய கேக்காமயே விட்டுடுவார். படத்துக்கு, பல ஃபோகஸ்ல எடுத்து சாஃப்ட்வேர்ல ஒன்னாக்கற முறை போதும், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கெடச்சா முடிக்கத்தைய அதுல எடுங்க. முடி அடியில சுரப்பி வாசல் இருக்கான்னு தெரியும்.

இதழ் நெறைய இருக்கு, ஸூடாக்ஸா, ஸூகீஸ் உலக அளவுல, நம்ம கோயம்புத்தூர்லருந்தே ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா வருது. காசு குடுத்தா மூனு நாள்ல போடறேன்னு மெயில் அனுப்பறவங்க பக்கம் போகாதீங்க.

ஹோலோடைப்ப ஒப்படைக்கறது

இந்தியாவுல எடுத்ததுன்னா 2002 பல்லுயிர் சட்டத்துல தெளிவா இருக்கு, புதுசா கண்டுபிடிச்சா அதுக்குன்னு குறிச்ச நிறுவனத்துக்கு தெரிவிச்சு சாம்பிள அங்க ஒப்படைக்கணும். கொல்கத்தாவுல இருக்கற இந்திய விலங்கியல் அளவைத்துறை அதுல ஒன்னு, சென்னையிலயும் அவங்க தென்மண்டல மையம் இருக்கு. வெளிநாட்டு நிபுணருக்கு வண்டு அனுப்பணும்னா அதுக்கு முன்னாடி சென்னைல இருக்கற தேசிய பல்லுயிர் ஆணையத்தோட விதிய படிச்சுட்டு அனுப்புங்க, போஸ்ட்ல போட்டுட்டு அப்புறம் கேக்காதீங்க. கரையான் சிப்பாய்களையும் அதே நம்பரோட சேத்து ஒப்படைங்க, வண்டு மட்டும் போனா பாதிக் கதைதான் போகும்.

வண்ட சின்ன முக்கோண அட்டை நுனில, தண்ணில கரையற பசைல ஒட்டி, ஊசி குத்தி, ஊருப் பேரு லேபிளுக்குக் கீழ சிவப்பு அட்டையில ஹோலோடைப், பேரு, வருஷம். அறுத்து எடுத்த உறுப்பு கிளிசரின் குப்பில அதே ஊசில. பெட்டிக்குள்ள ரெண்டு பக்கமும் கூடுதலா ஊசி குத்தி அணை குடுங்க, ஊசி திரும்பிச்சுன்னா பக்கத்து வண்டோட கால் தலை எல்லாம் போயிடும். கூரியர்ல போடாதீங்க. ரயில்ல ஏறி மடியில வச்சு எடுத்துட்டுப் போங்க, பாதுகாப்பு சோதனையில பெட்டியத் தொறக்கச் சொன்னா பதட்டப்படாம அனுமதிக் கடிதத்த காட்டி நீங்களே தொறங்க, அவங்கள தொறக்க விடாதீங்க. ஒப்படைச்சதும் பதிவு எண்ண கையோட எழுத்துல வாங்கிக்குங்க, கட்டுரையோட கடைசிப் புரூஃப்ல அந்த எண்ண ஏத்தணும்.